எங்கள் ஷிப்டின் பயந்தாங்கொள்ளி

எங்கள் ஷிப்டில் முப்பது பேர் இருந்தோம். அத்தனை பேருக்கும் சேர்த்துப் பயப்படுவதற்கு ஒருவர் இருந்தார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கும் பயப்படுவார்.

சுரங்கத்தில் நிலக்கரியை வெளியே கொண்டுவருவது பெல்ட். கிலோமீட்டர் கணக்கில் நீளும் ரப்பர் பட்டை. நான் அந்தப் பிரிவில் போர்மேன். அவர் எனக்குக் கீழே, பெல்ட் ஓரமாக நடந்து நடந்து அதைப் பார்த்துக்கொள்கிற ஆள். பெல்ட்டின் பக்கவாட்டில் இடுப்பு உயரத்தில் முழு நீளத்துக்கும் ஒரு கயிறு ஓடும். ஆபத்து என்றால் எந்த இடத்திலிருந்தும் அதை இழுக்கலாம். இழுத்தால் பெல்ட் நிற்கும். அதற்குப் பின்னால் உள்ள பெல்ட்டுகளும் நிற்கும், கரி வெட்டுகிற ராட்சத இயந்திரமும் நிற்கும், கண்ட்ரோல் ரூமில் போன் மட்டும் நிற்காமல் அடிக்கும். இழுத்த இடத்துக்கு ஒரு ஆள் நடந்துபோய் சுவிட்சைக் கையால் திருப்பிவிட்டால்தான் மறுபடி ஓட்டம். அதனால் அந்தக் கயிற்றில் கை வைக்க எல்லோருக்கும் தயக்கம் உண்டு, அவரைத் தவிர.

பெல்ட்டைத் தாங்கும் ரோலரில் கிரீச்சென்று சத்தம் வந்தால் இழுப்பார். பெல்ட் மேல் நிழல் போன மாதிரி இருந்தது என்று இழுப்பார். ஒருமுறை நாய் குறுக்கே வந்தது என்று இழுத்துவிட்டார். வேகாத வெயிலில் நான் அங்கே நடந்துபோய்ப் பார்த்தால் நாயும் இல்லை, நரியும் இல்லை.

"எங்கங்க நாயி?"

"போயிட்டுது சார்."

"போயிட்டதுன்னா எதுக்கு நிறுத்தினீங்க?"

"அது போவும்னு எனக்கு எப்டி சார் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குப் பதில் சொல்லித் தரவில்லை. அந்தக் கயிற்றைப் புல்கார்டு என்போம். அவருக்கும் அதையே பெயராக வைத்துவிட்டோம். வைத்தவன் நான்தான். பத்து முறை இழுத்தால் ஒன்பது முறை அங்கே ஒன்றும் இருக்காது. பத்தாவது முறை பெல்ட்டுக்கு அடியில் ஓர் இரும்புக் கம்பி செருகிக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் பெல்ட் நீளவாக்கில் கிழிந்திருக்கும். அன்றைக்கு அவரை யாரும் தட்டிக்கொடுத்ததாக நினைவில்லை. மறுநாள் வழக்கம்போல், "என்னங்க புல்கார்டு, இன்னைக்கு நாயா, பூனையா?" என்றுதான் ஆரம்பித்தோம்.

ஒருநாள் கேட்டேன். "இவ்ளோ பயப்படறீங்களே, பெரிய ஆக்சிடென்ட் எதையாவது நேர்ல பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க சார். பாத்துடக் கூடாதுன்னுதான்."

டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு மூன்றாவது வீடு அவருடையது. வீட்டிலும் இதே கதைதான். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு வாசல் வரை வந்து, திரும்பிப் போய் மூடியிருக்கிறதா என்று பார்த்து, செருப்பைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை போவார். அவர் மனைவி என் மனைவியிடம், "இந்த மனுஷன் பயந்து பயந்து எனக்குல்ல பிரஷர் வந்துட்டுது" என்று புலம்புவார். பூர்வீகம் சேத்தியாத்தோப்புப் பக்கம். வெள்ளாற்றங்கரைக்காரர், ஆனால் ஆற்றில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லையாம். இதை அவரே எங்களிடம் சொன்னார். எதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று கொஞ்சமும் யோசிக்காத மனிதர்.

இப்படிப்பட்டவரின் மகள் கபடி ஆடினாள் என்பதுதான் வேடிக்கை. என் மகள் ஸ்டெல்லாவும் அவளும் ஒரே கல்லூரியில் முதல் வருடம். எங்கள் பிளாக்கிலும் மந்தாரக்குப்பத்திலும் இருந்த பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஓர் அணி வைத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு மாஸ்டர் வந்து பழக்கினார். நல்ல உயரம், நல்ல பேச்சு. மைதானத்தில் எங்களைப் பார்த்தால் முதலில் வணக்கம் சொல்வது அவராகத்தான் இருக்கும்.

அக்கம்பக்கத்தில் பேசாத பேச்சில்லை. பொட்டப் பிள்ளைகள் அரைக்கால் டிரவுசரைப் போட்டுக்கொண்டு மண்ணில் கட்டிப் புரளுவதா என்றார்கள். முட்டி முழுக்கத் தழும்போடு எவன் கட்டுவான் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது என் தங்கையே என்னிடம், "அண்ணா, இதெல்லாம் தேவையா?" என்று கேட்டாள். நான் மார்தட்டிக்கொண்டு, "எம்பொண்ணு ஆடுவா. சர்டிபிகேட் வாங்கினா வேலை கிடைக்கும்" என்றேன். அன்றைக்கு நான்தான் பெரிய முற்போக்குவாதி என்று எனக்கு நினைப்பு. உண்மையில் எனக்குக் கோப்பை பிடித்திருந்தது, கபடி அல்ல. ஒரு கெட்ட பேச்சு காதில் விழுந்தால் போதும், அன்றைக்கே நிறுத்திவிடுவேன் என்று மனைவியிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

புல்கார்டு இந்த விவாதம் எதிலும் கலந்துகொண்டதில்லை. மகள் ஆடக்கூடாது என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் மைதானத்துக்கு வந்துவிடுவார். முதல் ஷிப்ட் முடிந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும், கருப்புத் தூசி படிந்த அதே உடுப்போடு வந்து கோட்டுக்கு வெளியே குந்திக்கொள்வார். ஆட்டத்தை அவர் பார்த்ததே இல்லை. மாஸ்டரைத்தான் பார்ப்பார். பிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க மாஸ்டர் ஒரு பெண்ணின் தோளைத் தொட்டால் இவர் எழுந்து நின்றுவிடுவார். மாஸ்டர் கையை எடுத்த பிறகுதான் உட்காருவார். ஆட்டம் முடிந்து பெண்கள் கிளம்பும்போது தலையை எண்ணுவார். பன்னிரண்டு வந்ததும், "சரி" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு சைக்கிளை எடுப்பார்.

மற்ற அப்பாக்களுக்கு இது பெரிய தமாஷ். மாஸ்டரே ஒருநாள் என்னிடம் சிரித்துக்கொண்டு, "என்ன சார், உங்க ஆளு எனக்கு செக்யூரிட்டியா?" என்றார். எனக்கு மானம் போயிற்று. மறுநாள் ஷிப்டில் அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"உங்க பயத்த மைன்ஸோட வச்சுக்கங்க. கிரவுண்டுக்குக் கொண்டு வராதீங்க."

"சத்தம் சரியில்லீங்க சார்."

"என்ன சத்தம்?"

"அந்தாளு பேசுறது. ரோலரு போறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் வரும் பாருங்க, நல்லாத்தான் ஓடிகினு இருக்கும்..."

நான் முழுவதும் கேட்கவில்லை. டீ வந்துவிட்டது என்று எழுந்து போய்விட்டேன்.

கும்பகோணத்தில் மூன்று நாள் போட்டி. பெண்களை மாஸ்டர் அழைத்துப் போவதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு முந்தின நாள் புல்கார்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"நீங்க ஒரு மூணு நாள் லீவு போட்டுப் போங்க சார். எனக்கு லீவு தீந்து போச்சு. பெரிய ஆபீசர் கால்ல வுழுந்தும் கெடைக்கல."

"மாஸ்டர் இருக்காரே. நான் எதுக்கு?"

"அதனாலதாங்க சார்."

"சும்மா இருங்க."

"அப்ப லேடீஸ் ஒருத்தராச்சும் கூடப் போவட்டும். அம்மா போவலாமே."

என் மனைவி அப்போது சமையலறைக் கதவருகில் நின்றாள். அவள் முகத்தில் ஓர் ஆசை தெரிந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் தனியாக எந்த ஊருக்கும் போகாதவள். நான், "அவ போயிட்டா எனக்குச் சோறு யாரு போடுவா?" என்று கேட்டுச் சிரித்தேன். சிரித்தது நான் மட்டும்தான். அவர் கேட்டைத் திறந்து வெளியே போய், கேட்டைச் சாத்தி, கொக்கி விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நடந்தார்.

மறுநாள் காலை அவர்கள் பஸ் ஏறினார்கள். அதற்கு அடுத்த நாள் முதல் ஷிப்ட். பத்தே முக்கால் இருக்கும், பெல்ட் நின்றது. வழக்கம்போல் போன் அடித்தது, வழக்கம்போல் நான் அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். அங்கே போனால் ஆள் இல்லை. கயிறு இழுத்த சுவிட்ச் அப்படியே இருக்கிறது. பெல்ட் மேல் கரி நிற்கிறது. ஓர் ஓசையும் இல்லை. பெல்ட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ரோலருக்கு ரோலர் பார்த்தேன். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டே தேடுவது இருக்கிறதே, அதைப் பகைவனுக்கும் கொடுக்கக் கூடாது. அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். புல்கார்டு என்றல்ல, அவருடைய பெயரை. அந்தப் பெயர் என் வாயில் வந்து வருடங்கள் ஆகியிருந்தன.

அரைமணி நேரம் கழித்து கேட்டிலிருந்து செய்தி வந்தது. அவர் வெளியே ஓடிப்போய், கிடைத்த வண்டியில் ஏறி மந்தாரக்குப்பம் போய், அங்கிருந்து வடலூர் பஸ்சில் தொற்றிக்கொண்டதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. அவ்வளவு கோபம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. செத்துவிட்டாரோ என்று தேடிய ஆள் உயிரோடு பஸ்சில் போகிறார். அன்றைக்கே ரிப்போர்ட் எழுதினேன். அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டு நீங்கினார், உற்பத்தி பாதிக்கப்பட்டது, ஏற்கெனவே பலமுறை காரணமின்றி பெல்ட்டை நிறுத்தியவர். கடைசி வரி தேவையே இல்லை. ஆத்திரத்தில் சேர்த்தேன்.

போட்டியில் நம் பெண்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். ஸ்டெல்லா கால் வீங்கி ஆடவில்லை. அவர் மகள் அன்றைக்கு மைதானத்துக்கே போகவில்லையாம். பாடிப்போய்ப் புள்ளி எடுக்கிற இரண்டு பேரும் இல்லாமல் எப்படி ஜெயிப்பது? வீட்டில் அவசரம் என்று மாஸ்டர் பாதியிலேயே கிளம்பிவிட்டார். பெண்களைத் திருப்பி அழைத்து வந்தது இவர். மாஸ்டர் அதற்கப்புறம் வரவே இல்லை. இந்த மனிதர் அங்கே போய் அவரை அவமானப்படுத்தியிருப்பார், ரோஷக்காரர் போய்விட்டார் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். "நல்ல மாஸ்டர விரட்டிட்டீங்களே" என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

விசாரணையில் நானும் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி கேட்டார்.

"ஏன்யா ஓடின?"

"பயந்துட்டேங்க."

"எதுக்குப் பயம்?"

"பொம்பளப் புள்ள வெளியூர்ல இருக்குதுங்களே."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். வேறு யாராவது இந்தப் பதிலைச் சொல்லியிருந்தால் அதிகாரி துருவியிருப்பார். இவர் சொன்னதால் நம்பிவிட்டார். வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது. வேறு சுரங்கத்துக்கு மாற்றினார்கள். குவார்ட்டர்ஸும் வேறு பிளாக்குக்குப் போயிற்று. போகிற அன்று வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். அதையும் நான் ஜன்னல் வழியாக நின்று பார்த்து மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன்.

பெண்கள் ஆட்டத்தை விடவில்லை. வடலூரிலிருந்து ஓர் அம்மா வந்து பழக்கினார். ஸ்டெல்லா மாநில அளவில் ஆடினாள், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் வாங்கினாள், கல்யாணமும் ஆயிற்று. முட்டித் தழும்பைப் பற்றி மாப்பிள்ளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன வருடம் ஸ்டெல்லா மகளோடு வந்திருந்தாள். பேத்திக்குப் பத்து வயது, பள்ளியில் கபடிக்கு எடுத்திருக்கிறார்கள். யார் பழக்குகிறார்கள், எத்தனை மணிக்கு முடியும், கூட எந்த டீச்சர் இருப்பார் என்று ஸ்டெல்லா போனில் பள்ளிக்கூடத்தைக் குடைந்துகொண்டிருந்தாள். நான் சாய்வு நாற்காலியில் இருந்தபடி, "என்னடி, புல்கார்டு மாதிரி பயப்படற?" என்றேன்.

அவள் போனை வைத்தாள்.

"அப்பா, இனிமே அவரப் பத்தி சிரிக்காதீங்க."

பிறகு சொன்னாள். அன்றைக்குக் காலையில் லாட்ஜில், ஸ்டெல்லாவுக்குக் கால் வீக்கம், அவள் ஓய்வெடுக்கட்டும், நான் எண்ணெய் தேய்த்து விடுகிறேன், மற்றவர்கள் மைதானத்துக்குப் போங்கள் என்று மாஸ்டர் எல்லோரையும் கிளப்பியிருக்கிறார். மூன்றாவது வீட்டு அங்கிளின் மகள் மட்டும் போகவில்லை. படிக்கட்டில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். சுரங்கத்தில் பெல்ட் நின்றது அப்போதுதான்.

"மாஸ்டர் ரூமுக்குள்ள வந்து கதவச் சாத்தினார்ப்பா. எனக்குச் சத்தம் வரல. வாயத் திறக்கிறேன், சத்தம் வரல. அவ வெளிய இருந்து தட்டினா. விடாம தட்டினா. ரெண்டு கையாலயும் தட்டினா. கடைசில அவரே திறந்துட்டு வெளிய போயிட்டார். அவ உள்ள வந்து தாழ்ப்பாள் போட்டுட்டு கதவுல முதுகக் குடுத்து உக்காந்துட்டா. எவ்வளவு நேரம்னு தெரியாது. அங்கிள் வர்ற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் தண்ணி கூடக் குடிக்கல."

மூன்று மணி நேரப் பயணம். மூன்று மணி நேரமும் அந்த மனிதர் பஸ்சில் எப்படி உட்கார்ந்திருந்தாரோ. கேஸ் சிலிண்டரையே மூன்று தடவை பார்க்கிறவர். சுரங்கத்து உடுப்போடு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு லாட்ஜில் நுழைந்திருக்கிறார். மாஸ்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "உங்களுக்கு எப்பங்க பஸ்சு?" பிறகு வராந்தாவில் ஒரு நாற்காலியைப் போட்டு, பெண்கள் ஊர் திரும்புகிற வரை அதிலேயே இருந்தாராம்.

நடக்காமல் போன ஒன்றுக்கு, இத்தனை வருடம் கழித்து, நான் பயந்தேன். அந்த ஆள் இப்போது எந்த ஊர் மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருக்கிறானோ என்ற எண்ணம் வந்தபோது இன்னும் பயந்தேன். பேத்தி வாசலில் பாடிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். எழுந்துபோய் அவளை உள்ளே கூப்பிட்டேன்.

அடுத்த வாரம் சேத்தியாத்தோப்புக்குப் பஸ் ஏறினேன். ஓய்வுக்குப் பிறகு அவர் சொந்த ஊரில் வீடு கட்டிக்கொண்டு போயிருந்தார். தலை முழுக்க நரை. என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்க சார், வாங்க" என்று பதறினார். நான் இப்போது யாருக்கும் சார் இல்லை. மகள் வெளியூரில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறாளாம். நாற்காலியைத் துடைத்து, கால் ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டு எனக்குப் போட்டார்.

"ஸ்டெல்லா சொல்லிட்டா" என்றேன்.

அவர் உடனே திரும்பி, உள்ளே மனைவி இருக்கிறாரா என்று பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பாப்பா நல்லாருக்குதுங்களா?" என்றார்.

"நல்லாருக்கா. விசாரணையில ஏங்க சொல்லல? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. உங்க மேல ரிப்போர்ட் எழுதினவன் நான். உங்க வாழ்க்கையே..."

"அது கெடக்குதுங்க சார்."

"சொல்லியிருந்தா அவன வெட்டிப் போட்டிருப்பேன்."

"அப்புறங்க?"

எனக்குப் புரியவில்லை.

"அப்புறம் என்னா பண்ணியிருப்பீங்க சார்? பாப்பாவ நிறுத்தியிருப்பீங்க. உங்களப் பாத்து எல்லாரும் நிறுத்தியிருப்பாங்க. அத்தினி புள்ளைங்களும் வூட்ல குந்திகினு இருந்திருக்கும். எம்பொண்ணு பஸ்சுல என் கையப் புடிச்சிகினு அதத்தான் கேட்டுச்சு. யார்கிட்டயும் சொல்லாத, எங்கள ஆட வுட மாட்டாங்கன்னு. அந்தாள நெனச்சு எனக்கு ஒரு நாள் பயம்தாங்க. பஸ் ஏத்தி வுட்டதும் போயிட்டுது."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அதுக்கப்புறம் பயந்ததெல்லாம் உங்களப் பாத்துதாங்க சார்."

உண்மைதான். அன்றைக்கே தெரிந்திருந்தால் சாயங்காலத்துக்குள் ஸ்டெல்லாவை நிறுத்தியிருப்பேன்.